டை, கருப்பு மருதாணி, அவுரிப் பொடி: பிபிடி என்ற டை ரசாயனம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு நெல்லைக் கடைகளில் எது தேறும்?

அம்மன் கோயில் கொடைத் திருவிழா பெரும்பாலும் செவ்வாய்க்கிழமை வரும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மீசைக்கும் கிருதாவுக்கும் டை அடித்துக்கொண்டால், ஒத்துக்கொள்ளாத உடம்புக்குச் சரியாகச் செவ்வாய்க்கிழமை விடியும்போது இமை இரண்டும் பணியாரம் மாதிரி வீங்கி நிற்கும். இந்த ஒவ்வாமையின் குணமே அதுதான். தடவிய அன்றைக்கு ஒன்றும் காட்டாது. ஒன்று முதல் மூன்று நாளுக்குள் நெற்றி ஓரம், காது மடல், பிடரி, இமை என்று அரிப்பெடுத்து வீங்கும், சிலருக்கு நீர் வடியும். இடையில் இரண்டு நாள் கழிந்துவிடுவதால் டையின் மேல் சந்தேகம் வருவதில்லை. கருவாட்டையும் கத்தரிக்காயையும் ஒதுக்கிவிட்டு, அடுத்த மாதம் அதே டையை மறுபடி தடவுகிறவர்கள் ஏராளம்.

குற்றவாளியின் பெயர் பாரா-ஃபெனிலின்டயமின், சுருக்கமாக பிபிடி. அமெரிக்கத் தொடு ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2006-ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக இதைத்தான் அறிவித்தது. சிறிய மூலக்கூறு, நிறமற்றது. ஹைட்ரஜன் பெராக்சைடோ வேறொரு ஆக்சிஜனேற்றியோ சேர்ந்தால் முடிக்குள் புகுந்து பெரிய கருப்பு மூலக்கூறாக மாறி அங்கேயே சிக்கிக்கொள்கிறது. இதைப்போலச் சீக்கிரமாகவும் கருப்பாகவும் நரையைப் பிடிக்கும் சரக்கு மலிவில் வேறில்லை. பாதி மாறிய நிலையில் இருக்கும்போதுதான் அது தோல் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு உடம்பின் எதிர்ப்பைக் கிளப்பிவிடுகிறது. "இருவது வருசமா இதத்தான் அடிக்கேன், ஒண்ணும் பண்ணலியே" என்பது வாதமே ஆகாது. உடம்பு அதை எதிரியாகப் பழகிக்கொள்ள எத்தனை தடவை வேண்டும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். பழகிவிட்டதென்றால் பெரும்பாலும் ஆயுளுக்கும் போகாது, ஒவ்வொரு முறையும் முந்தைய முறையைவிடக் கடுமையாக வரக்கூடும்.

அப்படிப்பட்ட ஒருவர் நம்மூரில் கடை ஏறினால் என்ன கிடைக்கிறது, அதில் எதைத் தொடலாம் என்பதே இந்த மதிப்பீடு.

பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கும் பொடி டை பாக்கெட்டில் இருந்து தொடங்கலாம். தண்ணீரில் குழைத்துத் தடவுவது. பிபிடியும், பேரியம் பெராக்சைடோ சோடியம் பெர்போரேட்டோ மாதிரி ஓர் ஆக்சிஜனேற்றியும், குழகுழப்புக்குப் பிசினும் ஒரே பாக்கெட்டில் இருக்கும். மலிவு, அரை மணி நேரத்தில் கருப்பு. பிபிடி ஒவ்வாதவருக்குச் சந்தேகமே இல்லாமல் தேறாது. உதிரியாக விற்கும்போது வழிமுறைத் தாள் அட்டைப் பெட்டியோடு கடையிலேயே தங்கிவிடுவது இன்னொரு தொல்லை. சட்டப்படி இத்தகைய டையில் முன்சோதனை செய்யும் முறையும், இமை முடிக்கும் புருவத்துக்கும் போட்டால் பார்வை போகலாம் என்ற எச்சரிக்கையும் ஆங்கிலத்திலும் வட்டார மொழியிலும் இருக்க வேண்டும். இந்த எச்சரிக்கையை ஓர் அடையாளமாகவே வைத்துக்கொள்ளலாம். முன்பக்கம் மருதாணி இலையும் நெல்லிக்காயும் படம் போட்டிருந்தாலும், பின்பக்கத்தில் "இமைக்குப் போடாதே, பார்வை போகும்" என்ற வரி இருந்தால் அதைக் கீழே வைத்துவிடுங்கள்.

அட்டைப்பெட்டியில் வரும் கிரீம் டையில் இரண்டு விளம்பர வரிகள் ஆளை ஏமாற்றும். ஒன்று, "அமோனியா இல்லை". அமோனியாவின் முக்கிய வேலை முடியின் செதில்களைத் திறந்துவிடுவது. அதற்குப் பதில் எத்தனாலமைன் போட்டுவிட்டு அப்படி எழுதிக்கொள்கிறார்கள். மூக்கு எரிச்சல் குறையும், பிபிடி இருந்த இடத்திலேயே இருக்கும். இரண்டாவது, "பிபிடி இல்லை". இது பெரும்பாலும் உண்மைதான், ஆனால் அந்த இடத்தில் டொலுயீன்-2,5-டயமின் உட்கார்ந்திருக்கும். அது பிபிடியின் ஒன்றுவிட்ட தம்பி. பிபிடி ஒவ்வாதவர்களில் பலருக்கு அதுவும் ஒவ்வாது. எனவே பெட்டியின் முகப்பை விட்டுவிட்டு, பக்கவாட்டில் கடுகு எழுத்தில் இருக்கும் ஆங்கிலப் பட்டியலைச் செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள். டயமின் என்று முடியும் எதுவும் ஆகாது. 1,4-டயமினோபென்சீன், 1,4-பென்சீன்டயமின், சிஐ 76060 எல்லாமே பிபிடியின் வேறு பெயர்கள். அதன் சிஏஎஸ் ரசாயனப் பதிவெண் 106-50-3. பாரா-அமினோஃபீனால், மெட்டா-அமினோஃபீனால், ரெசார்சினால் ஆகிய மூன்றும் அதே கூட்டம், கண்டால் விலகிப் போவதே நல்லது. பட்டியலில் 1 சதவீதத்துக்கு மேல் உள்ளவை மட்டும்தான் அளவின் இறங்குவரிசையில் இருக்க வேண்டும். அதற்குக் கீழே உள்ளவற்றை எந்த வரிசையிலும் போடலாம். ஆகவே கடைசி வார்த்தைவரை படிக்காமல் பெட்டியைக் கீழே வைக்காதீர்கள்.

தலையில் தேய்த்து ஐந்து பத்து நிமிடத்தில் கழுவும் ஷாம்பு டைக்குத் தனி மதிப்பீடு தேவையில்லை. பெயர்தான் ஷாம்பு, உள்ளே இருப்பது அதே ஆக்சிஜனேற்றச் சாயம். கையுறை போட்டுக்கொள்ளச் சொல்லும் ஷாம்பு என்ன ஷாம்பு?

ரொம்பப் பேரை விழத்தட்டுவது "ஹெர்பல் ஹென்னா, கருப்பு" என்று வரும் பொடிதான். "அண்ணாச்சி, கெமிக்கல் இல்லாத டை இருக்கா?" என்று கேட்டால் கை நேராக அதற்குத்தான் போகும். அண்ணாச்சியின் மேல் குற்றமில்லை, முகப்பில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. மருதாணி, நெல்லி, சீயக்காய், கரிசலாங்கண்ணி என்று நீண்டு போகிற பட்டியலில் ஓர் ஓரத்தில் பிபிடி ஒண்டியிருக்கும். மருதாணியின் சாயப் பொருள் லாசோன். அது வெள்ளை முடியில் ஆரஞ்சு, செம்மண் நிறம் தரும், கருப்பு தராது. நெல்லியும் கடுக்காயும் இரும்புச் சட்டியில் ஊறினால் பழுப்பைக் கொஞ்சம் ஆழமாக்கும், அவ்வளவுதான். கரிசலாங்கண்ணி அரைத்துப் பூசினால் நரை கருக்கும் என்று சொல்கிறவர் யாராக இருந்தாலும் அவர் தலையை ஒருமுறை உற்றுப் பாருங்கள். ஒரே பொடி, ஒரே பூச்சு, ஒரு மணி நேரத்துக்குள் கருப்பு என்றால் அது இலையின் வேலை இல்லை. பாக்கெட்டில் என்ன எழுதியிருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

கல்யாண வீட்டில் கைக்குப் போடும் "எமர்ஜென்சி கோன்" என்ற கருப்புக் கோனுக்கும் இதே அளவுகோல். சுத்தமான மருதாணி முதலில் ஆரஞ்சாகப் பிடித்து ஒன்று இரண்டு நாளில் அடர்பழுப்பாகும். கால் மணி, அரை மணியில் கருக்கிற கோனில் பிபிடி இருக்க வாய்ப்பு அதிகம். தலை டையிலாவது கலவையின் பெரும்பகுதி முடியில் போகிறது. கோனிலோ முழுவதும் தோலின் மேலேயே காய்கிறது. ஒவ்வாதவருக்குப் போட்ட கோலம் அப்படியே கொப்புளக் கோடாக எழும்பும். ஆறிய பிறகும் வெளுத்த தடம் மாதக்கணக்கில் நிற்கலாம். சின்னப் பிள்ளை கையில் இதைப் போட்டால், பின்னாளில் முதல் டையிலேயே முகம் வீங்கும் ஆளாக அந்தப் பிள்ளை வளரக்கூடும். ஐரோப்பாவில் தலையில் தடவும் கலவையில் பிபிடி 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, தோலில் நேராகப் போட அனுமதியே இல்லை.

இனி தேறக்கூடிய பக்கம். டவுண் ரத வீதிப் பக்கமோ பாளை மார்க்கெட் பக்கமோ ஒரு நாட்டு மருந்துக் கடையில் மருதாணிப் பொடியும் அவுரிப் பொடியும் தனித்தனியாக வாங்குவதுதான் வழி. மருதாணியை முதலில் சோதியுங்கள். நல்ல பொடி காய்ந்த வைக்கோல் வாசத்தோடு பச்சையாக இருக்கும். ஒரு சிட்டிகையை ஈரமான வெள்ளைத் துணியில் வைத்தால் உடனே நிறம் இறங்காது, நேரம் ஆக ஆக ஆரஞ்சு ஊறும். வைத்த நொடியில் பளிச்சென்று பச்சை பரவினால் பச்சைச் சாயம் கலந்தது. உடனே செம்பழுப்பு ஓடினால் சோடியம் பிக்ரமேட் என்ற செயற்கைச் சாயம் போட்டிருக்கலாம். கால் மணியில் கருக்கத் தொடங்கினால் பிபிடிச் சந்தேகம். மூன்றில் எதுவானாலும் குப்பைக்குத்தான். இந்தச் சோதனை மோசமான சரக்கைக் கழிக்க உதவுமே தவிர, மிகச் சிறிய அளவு கலப்பைக் கண்ணுக்குக் காட்டாது. துணிச் சோதனையில் தேறிய பிறகு முழங்கை மடிப்பில் பத்துப் பைசா அகலத்துக்குப் பூசி, ஒரு மணி நேரத்தில் கழுவி, 48 முதல் 72 மணி நேரம் பார்க்க வேண்டும்.

அவுரியில்தான் நம்மூருக்கென்றே ஒரு வம்பு இருக்கிறது. அவுரி என்ற ஒரே பெயரில் இங்கே இரண்டு செடி ஓடுகிறது. ஒன்று நீலச் சாயம் தரும் அவுரி, நீலி என்றும் சொல்வார்கள். இன்னொன்று பேதி மருந்துக்குப் போகும் சென்னா, நிலாவரை. திருநெல்வேலி, தூத்துக்குடிச் சீமையின் வறண்ட நிலத்தில் விளைந்து, "தின்னவேலி சென்னா" என்று நம்மூர் பெயரிலேயே உலக மருந்துச் சந்தையில் விற்கிற சரக்கு அது. விளைவிக்கிறவர்களும் வாங்குகிறவர்களும் அதையும் அவுரி என்றே சொல்கிறார்கள். கடையில் "அவுரி இலைப் பொடி" என்று மட்டும் கேட்டால் இரண்டில் எது வேண்டுமானாலும் பொட்டலமாகும். சென்னாவைத் தலையில் போட்டால் கெடுதல் ஒன்றுமில்லை, ஆனால் நீலம் வராது, மருதாணியின் ஆரஞ்சு அப்படியே நிற்கும். "இயற்கைச் சாயம் பிடிக்காது" என்று சலித்துப்போய் மறுபடி பாக்கெட் டைக்கே திரும்புகிறவர்களில் எத்தனை பேர் இந்தப் பெயர்க் குழப்பத்தில் விழுந்தவர்களோ!

கேட்கும்போது "தலைக்குச் சாயத்துக்கு, நீலி அவுரி" என்று பிரித்துக் கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் வெள்ளைப் பீங்கான் கோப்பையில் ஒரு டீஸ்பூன் பொடியை, விரல் பொறுக்கும் சூட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து வையுங்கள். நீலி என்றால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் மேல்பரப்பு கருநீலமாகி, மயில் கழுத்துப் பளபளப்பு ஏறும், பச்சைப் பட்டாணி வாசம் வரும். சென்னா மஞ்சள் கலந்த பச்சையாகவே கிடக்கும். பொடியாக இருக்கும்போதே கருப்பாக இருந்தால் அது இலைப் பொடியே இல்லை, இலையைக் காயவைத்து இடித்தால் பச்சைதான் வரும்.

பூசும் முறையில் அளவும் நேரமும் முக்கியம். ஆண்களின் வெட்டிய முடிக்கு மருதாணி 50 கிராம், அவுரி 50 கிராம் போதும். தோள் வரை முடிக்கு 100, 100. இடுப்பு வரை என்றால் இரட்டிப்பு. மருதாணி 100 கிராமுக்குக் கால் லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரும் ஒரு ஸ்பூன் எலுமிச்சைச் சாறும் விட்டுத் தயிர்ப் பதத்தில் குழைத்து மூடி வைக்க வேண்டும். பங்குனி, சித்திரை வெயிலில் மூன்று நாலு மணி நேரத்திலேயே சாயம் இறங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் ராத்திரி முழுக்க ஊறட்டும். எண்ணெய் போகக் கழுவிக் காயவைத்த முடியில் வேர் வரை பூசி இரண்டு மூன்று மணி நேரம் விட்டு, வெறும் தண்ணீரில் அலசுங்கள். ஷாம்பு கூடாது.

அடுத்து அவுரி. இதை முன்கூட்டி ஊறவைக்கக் கூடாது, அதிலேதான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். 100 கிராமுக்கு ஒரு டீஸ்பூன் உப்பு, வெதுவெதுப்பான தண்ணீர். எலுமிச்சை, தயிர், நெல்லிச் சாறு எதுவும் வேண்டாம், புளிப்பு பட்டால் நீலம் மங்கிவிடும். கொதிநீரும் ஆகாது. குழைத்துப் பதினைந்து நிமிடத்தில் பூசத் தொடங்கி அரை மணிக்குள் முடித்துவிடுங்கள், அதற்குமேல் கோப்பையிலேயே வீரியம் குறையும். ஒன்றரை மணி நேரம் தலையில் ஈரம் காயாமல் பாலிதீன் உறை மாட்டி வைத்து அலசினால், முதலில் பச்சை கலந்த நிறமாக இருக்கும். பயந்துபோய் ஷாம்பு போட்டுவிடாதீர்கள். காற்றுப் பட்டு ஒன்றிரண்டு நாளில்தான் கருக்கும், அதுவரை எண்ணெயும் வேண்டாம்.

மருதாணி இல்லாமல் நேராக அவுரி போட்டால் நரை நீலப் பச்சையாகிச் சிரிப்புக்கிடமாகும். இரண்டையும் ஒன்றாகக் கலந்து பூசினால் கருப்பு வராது, பழுப்பு வரும். சிலருக்கு அந்தப் பழுப்பே பொருத்தமாக இருக்கும். ராதாபுரம், திசையன்விளைப் பக்கத்து உப்புப் போர்வெல் தண்ணீரில் அலசினால் முடி நார் மாதிரி விறைக்கும். கடைசி இரண்டு குடம் மட்டுமாவது தாமிரபரணிக் குழாய்த் தண்ணீராக இருக்கட்டும். கிருதாவில் இரண்டு மூன்று வாரத்தில் வெளுக்கும், அங்கே மட்டும் மறுபடி போட்டால் போதும். மொத்தத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதாகப் போகும், குளியலறைத் தரையும் கறையாகும். இவ்வளவு சிரமம் உண்டு என்பதைச் சொல்லாமல் இயற்கைச் சாயத்துக்குப் பாராட்டு மட்டும் எழுதுவது நியாயமில்லை. அவுரிப் பொடியை ஒரு தடவைத் தேவைக்கு மேல் வாங்க வேண்டாம். காற்றும் ஈரமும் பட்ட பொடி ஆறு மாதத்தில் வெறும் தூளாகிவிடலாம்.

அவசரத்துக்கு இன்னொன்று இருக்கிறது: இரும்பு ஆக்சைடு நிறமி போட்ட குச்சி, தூரிகை வடிவ டச்-அப். முடியின் மேலே மட்டும் ஒட்டிக்கொள்ளும், உள்ளே போகாது, பிபிடி தேவையில்லை. பட்டியலைப் படித்துவிட்டு வாங்கலாம். ஆனால் மத்தியான வெயிலில் வேர்த்தால் வெள்ளைச் சட்டைக் காலரில் இறங்கும். போட்டோவுக்கு நிற்கும் ஒரு மணி நேரத்துக்குச் சரி, நடுராத்திரிச் சாமக்கொடை வரை தாங்காது.

சலூனில் டை அடிக்கிறவர்கள் பொடியைக் கையோடு கொண்டு போவது நல்லது, கிண்ணமும் பிரஷும்கூட. முந்தின ஆளின் டை ஒட்டிய பிரஷே போதும், உடம்பு தன் வேலையைக் காட்டிவிடும். சவரம் செய்த கையோடு மீசைக்குப் பூசுவது இன்னும் மோசம், கத்தி பட்ட தோலில் எல்லாம் சுலபமாக உள்ளே போகும். வீட்டுக்காரருக்கு டை பூசிவிடும் பெண்களுக்குக் கையில் மட்டும் வெடிப்பும் அரிப்பும் வருவதுண்டு. பெட்டிக்குள் வரும் மெல்லிய பாலிதீன் கையுறை மணிக்கட்டில் நழுவி உள்ளே கசியும். மருந்துக் கடையில் நைட்ரைல் கையுறை கேட்டு வாங்கி, ஒரு தடவைக்கு ஒரு ஜோடி என்று எறிந்துவிட வேண்டும்.

ஏற்கெனவே ஒருமுறை வீங்கியவர் டையை வைத்து வீட்டில் சோதனை செய்யவே கூடாது. மற்றவர்களுக்கும், வழிமுறைத் தாளில் இருக்கும் 24 மணி நேரக் கணக்கு போதாது, 48 முதல் 72 மணி நேரம் பாருங்கள். உறுதியாகத் தெரிய வேண்டுமானால் தோல் மருத்துவரிடம் பேட்ச் டெஸ்ட்தான். முதுகில் 1 சதவீத பிபிடி கலந்த வாசலினை ஒட்டி, இரண்டாம் நாளும் நாலாம் நாளும் பார்ப்பார்கள். ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரித் தோல் பிரிவிலோ தனியார் மருத்துவரிடமோ இந்தச் சோதனை பற்றிக் கேட்டுப் பாருங்கள். பிபிடி ஒவ்வாமை உறுதியானவர்கள் பல் மருத்துவரிடமும் அதைச் சொல்லிவைக்க வேண்டும். வாய்ப்புண் ஜெல்லிலும் தொண்டை மிட்டாயிலும் வரும், மரத்துப்போக வைக்கும் பென்சோகெய்ன் இதே வகையறா. அதே வேலையைச் செய்யும் லிடோகெய்ன் வேறு குடும்பம், அதில் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை. அடர் கருப்பு, கருநீலப் பாலியெஸ்டர் துணியின் சாயமும் சிலருக்கு அக்குளிலும் தொடையிடுக்கிலும் அரிப்பைக் கிளப்பும். புதுத் துணியை இரண்டு தடவை அலசிவிட்டு உடுத்துங்கள்.

டை போட்டபின் அரிப்பு தொடங்கிவிட்டால் வெதுவெதுப்பான தண்ணீரில் பல தடவை அலசி, மென்மையான சோப்பால் கழுவி, குளிர்ந்த துணி வைத்து மருத்துவரைப் பாருங்கள். மொட்டை அடிக்க வேண்டியதில்லை. முழுதாக மாறி முடிக்குள் சிக்கிய சாயம் பெரும்பாலும் தொந்தரவு தராது, தோலில் மிச்சம் ஒட்டியிருப்பதுதான் தரும். நாக்கோ உதடோ வீங்கினாலும், மூச்சு இழுத்தாலும் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். போகும்போது அந்தப் பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். மருத்துவர் படிக்க வேண்டிய பட்டியல் அதன் பின்பக்கத்தில்தான் இருக்கிறது.